சுத்தமான தண்ணீரையே ஏற்றினால் என்ன?

கேள்வி: உடம்புக்கு முடியவில்லை என்று போனால் உப்புத் தண்ணீரைத்தான் நரம்பில் ஏற்றுகிறார்கள். சுத்தமான தண்ணீரையே ஏற்றினால் என்ன?
– வாசகி, தேனி

பதில்: வேண்டாம்மா! சுத்தம் சோறு போடும். ஆனால் சுத்தமான தண்ணீர் நேராக ரத்தத்தில் இறங்கினால் சிவப்பணுவை வெடிக்க வைத்துவிடும். செல்லின் சவ்வு தண்ணீரைத் தாராளமாக விடும், உப்பை லேசில் விடாது. உப்பு எந்தப் பக்கம் கூடுதலோ, தண்ணீர் அந்தப் பக்கம் ஓடும். வெறும் தண்ணீரில் விழுந்த சிவப்பணுவை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்: நடுவில் குழிந்த தட்டு உப்பி, உருண்டையாகி, கிழிந்து, உள்ளேயிருந்த ஹீமோகுளோபினைக் கொட்டிவிடும். சோதனைக்குழாயில் கலங்கலாக இருந்த ரத்தம் தெளிந்த சிவப்புச் சாயமாகிவிடும். உப்பு மிஞ்சினாலோ, உப்பில் போட்ட மாவடு மாதிரி சுருங்கி, விளிம்பெல்லாம் முள்முள்ளாகும்.

அதனால்தான் லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்ற கணக்கு. பாட்டிலிலேயே 0.9% என்று அச்சிட்டிருக்கும். இந்த அளவில் செல்லுக்குள் போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் சரிசமம். 5% குளுக்கோஸும் ஏற்றும்போது தண்ணீரை இழுப்பதில் ஏறக்குறைய இதற்குச் சமம்தான். ஆனால் உடம்பு சர்க்கரையை எரித்த பிறகு மிஞ்சுவது வெறும் தண்ணீர். ஆகவே, “ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர்” என்று நாமே கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுவோம். எந்தப் பாட்டில் என்று அவர் சொல்லட்டும்.

வயிற்றுப்போக்குக்குக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பவுடரையும் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் மட்டுமே கரையுங்கள். தண்ணீரைக் குறைத்தால் கரைசல் அடர்ந்து, உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும், வயிற்றுப்போக்கு கூடும்.