நூறு விழுக்காட்டின் ரகசியம்

ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளிக்கு நல்ல விலை கிடைத்தால் பிள்ளை நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் படிப்பான். விலை சரிந்தால் அரசுப் பள்ளியில். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தால் வதைப்பதையும் தடுக்கிறது. ‘பிராய்லர் பள்ளி’ என்று ஊர் செல்லமாக அழைக்கும் இந்த விடுதிப் பள்ளிகளில் விடியற்காலைப் படிப்பும் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வும் வதைக் கணக்கில் சேரா. கட்டணக் கணக்கில் சேரும்.

தேற மாட்டான் எனத் தோன்றுபவனுக்கு ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்தனுப்புவது அங்கே சில இடங்களில் ஒழுங்கு நடவடிக்கை. பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு இப்படித்தான் விளைகிறது. அவனைச் சேர்த்துக்கொள்ளும் அரசுப் பள்ளிக்குத் தேர்ச்சி விழுக்காடு இறங்குகிறது. விளக்கம் கேட்கப்படுவது அதன் தலைமையாசிரியரிடம். 2017இல் அரசு மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தியது. நூறு விழுக்காட்டைப் பேனரில் அடிக்கும் ஃபிளெக்ஸ் அச்சகங்களுக்கு அதனால் பெரிய நட்டமில்லை.