ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா

சங்கிலி பிடித்து நிலம் அளக்கும் உத்தியோகத்தில் 34 வருஷங்களைக் கழித்தவன் என்ற ஹோதாவில், எந்தப் பூமியையும் ஒரு முறை நடந்து பார்த்துவிட்டால் அதைக் காகிதத்தில் இறக்கிவிடுவேன் என்று எனக்கொரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்துக்குச் சென்ற ஐப்பசியில், ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில், மீசை வைத்த ஒரு பிளம்பரால் பங்கம் நேர்ந்தது.

போளூரில் பஸ் ஏறி நான் மலைக்கு வந்து சேர்ந்த தினத்திலிருந்து மழை. பீமன் அருவியில் ஸ்நானம், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் தரிசனம் செய்வது என்று போட்ட திட்டமெல்லாம் நனைந்துபோக, மகன் வீட்டில் சாமைச்சோறு சாப்பிட்டுக்கொண்டு மூடுபனியைப் பார்த்தபடி இருந்தேன். அப்போது என் பத்து வயதுப் பேத்தி, தன் தகப்பன் பால்யத்தில் விளையாடிய டி.வி. கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள். கேசட்டின் வாயில் ஊதிச் செருகினாள், படம் வரவில்லை. மறுபடி ஊதினாள், வரவில்லை. மூன்றாவது முறை நான் ஊதினேன், வந்தது. இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த கடைசி ஜயம் அதுதான்.

மீசைக்காரரின் பெயர் மரியோ. 1985-இல் ஜப்பானில் வெளிவந்த அந்த விளையாட்டில் எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்கு நிலைகள், ஆக 32. வலப்பக்கமாக ஓடிக்கொண்டே இருப்பது அவருக்கு விதித்த விதி. திரையின் இடப்புறம் மறைந்த இடத்துக்கு மீண்டும் போக முடியாது. விட்டு வந்த கல்லைத் திரும்பிப் பார்த்துக் கோணம் சரிபார்க்க வழியில்லாத பூமியை எந்த அளவையாளன் அளப்பான்? இருந்தும், திரையின் அகலம் 16 செங்கல் என்று எண்ணி, அதையே சங்கிலியாகக் கொண்டு, பேத்தியின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைய ஆரம்பித்தேன். இதைப் படைத்த மியாமோட்டோவும் அவருடைய சகாவான தெசூகாவும் கட்டம் போட்ட தாளில்தான் ஒவ்வொரு நிலையையும் வரைந்தார்கள் என்று மகன் சொன்னபோது, தொழில் பாசத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்தப் பாசம் ஐந்தாம் உலகம் வரை நிலைத்தது. அதன் மூன்றாம் நிலையை வரைந்துகொண்டிருக்கையில், இந்த மேடு பள்ளங்களை எங்கோ அளந்திருக்கிறோமே என்று சம்சயம் தட்டி, நோட்டைப் புரட்டிப் பார்த்தால், முதல் உலகத்தின் மூன்றாம் நிலை அப்படியே கிடக்கிறது! குறுக்கே பறந்து வரும் பீரங்கிக் குண்டுகள்தாம் புதிது. பிறகு துருவிப் பார்த்ததில், இரண்டாம் உலகத்துக் கோட்டையை ஐந்தாம் உலகத்திலும், முதல் உலகத்துக் கோட்டையை ஆறாம் உலகத்திலும் தீச்சரங்களைக் கூட்டி மறுபடி விற்றிருந்தார்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா! எங்கள் காலத்தில் இதற்குக் குறைந்தபட்சம் சஸ்பென்ஷன்.

"தாத்தா, கேசட்டுல எடம் இல்லையாம்" என்று பேத்தி அவர்களுக்காக வாதாடினாள். அந்த விளையாட்டு முழுவதற்கும் இருந்த இடம் 40 கிலோபைட். என் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கு அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆகையால் புதரின் உருவத்துக்கே வெள்ளை பூசி, மேலே தூக்கி வைத்து, மேகம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்நேரம் எங்கள் வேலியோரத்துப் புதர்மேல் மெய்யாகவே ஒரு மேகம் வந்து உட்கார்ந்திருந்தபடியால், இந்த மலையில் இருந்துகொண்டு அவர்கள்மேல் பிராது எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஏழாம் உலகத்துக் கோட்டைதான் என்னைச் சாய்த்தது. அங்கே மேல், நடு, கீழ் என்று தளங்கள் பிரிகின்றன. தவறான தளத்தில் ஓடினால் சுவர் தடுப்பதில்லை, எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. கடந்து வந்த தாழ்வாரமே பரம சாதுவாக மறுபடி முன்னால் வந்து நிற்கும். 1993-இல் வந்த மறுபதிப்பில் சரிக்கு ஓர் ஓசை, தவறுக்கு ஓர் ஓசை என்று இரக்கம் காட்டினார்களாம். எங்கள் கேசட்டுக்கு அந்த இரக்கம் எட்டவில்லை. நான் ஒரே தாழ்வாரத்தை ஆறு முறை, ஆறு தனி நிலமாக, பக்கத்தில் பக்கமாக வரைந்து, கோட்டை தாளை விட்டு வெளியே நீண்டபோதுதான் பேனாவைக் கீழே வைத்தேன்.

மறுநாள் காலையில் மழை விட்டது. உண்மையான பூமியில் கௌரவத்தை மீட்டுக்கொள்ளலாம் என்று தனியாக நடக்கக் கிளம்பினேன். பனி இறங்கியிருந்தது. அடிமரத்தில் மூன்று காய் தொங்கும் ஒரு பலாமரத்தைக் கடந்தேன். கால் மணி நேரம் சென்று, மூன்று காயுடன் இன்னொரு பலாமரம். இந்த மலையில் பலா செழிப்பு என்று மெச்சிக்கொண்டேன். மூன்றாவதும் வந்தபோது, விறகுச் சுமையோடு எதிர்ப்பட்ட அம்மாள் ஒருவர் நின்றார்.

"சாமி, அந்தக் கீழ் வழியில போனா மறுபடி இங்கதான் வரும். மேட்டுல ஏறுங்க."

வீடு திரும்பியதும் பேத்தி என் வேட்டியிலிருந்த சேற்றைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமலே, "மேல போக வேண்டிய எடத்துல கீழ போயிருப்பீங்க" என்றாள்.

நோட்டில் ஏழாம் உலகத்துக் கோட்டைக்குரிய பக்கம் இன்றும் அரைகுறையாகத்தான் இருக்கிறது. மலைக்குச் செல்லும் அன்பர்கள், பனி இறங்கிய வேளையில் மூன்று காயுள்ள பலாமரத்தை இரண்டாம் முறை சந்தித்தால், மரத்தைப் புகழாமல் மேட்டுப் பாதையைப் பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.