மாத்திரையா, தாய்ப்பாலா?

கேள்வி: இதயப் பிரச்சினைக்காகத் தினமும் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். "பால்ல மருந்து இறங்கும், புட்டிப்பால் கொடு" என்கிறார் மாமியார். என்ன செய்ய? – ஒரு வாசகி, ஊரப்பாக்கம்.

பதில்: கோயம்பேடு போகுமென்று பஸ்ஸில் ஏறினால் உங்கள் பக்கத்துக் கிளாம்பாக்கத்திலேயே இறக்கிவிடுகிறார்கள் அல்லவா, ஆஸ்பிரின் கதையும் அதுதான்; பால் வரை போய்ச் சேர்வதில்லை. ரத்தத்தில் கலந்த சுமார் 20 நிமிடத்தில் பாதி உருமாறி சாலிசிலேட் ஆகிவிடும். தினம் 81 மில்லிகிராம் எடுத்த சில தாய்மாரின் பாலைச் சோதித்ததில் ஆஸ்பிரின் அகப்படவே இல்லை. சாலிசிலேட் மட்டும் துளியூண்டு. ஆகவே இந்த அளவுக்காகப் பாலை நிறுத்த வேண்டாம்.

தலைவலிக்கு 300, 600 என்று விழுங்குவது வேறு விஷயம்; அதற்குப் பாராசிட்டமால் இருக்கிறது. குழந்தைக்கு அம்மையோ வைரஸ் காய்ச்சலோ வந்தால், நீங்கள் ஆஸ்பிரின் எடுப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஆஸ்பிரினால் ரெய்ஸ் நோய் என்றொரு அபூர்வ ஆபத்து உண்டு. பால் வழியே இந்த அளவில் வர வாய்ப்பு மிகக் குறைவு.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மற்ற மாத்திரைகளான குளோபிடோக்ரல், டிகாக்ரெலார் பற்றித் தாய்ப்பால் ஆய்வுகள் சொற்பம். அவற்றை எழுதிக்கொடுத்தால், இதய டாக்டரும் குழந்தை டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். குழந்தை உடம்பில் காரணமில்லாமல் கன்றிய தடமோ ரத்தக்கசிவோ தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி.

மாமியார் பேச்சுக்காக மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிர் விவகாரம். உதவ ஆசையென்றால், நடுராத்திரி பேரக்குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.