எந்திர வாத்தியாருக்கு ஒரு வரவேற்பு

வாங்க வாத்தியாரே! 2026-27 முதல் மூன்றாம் வகுப்பிலேயே செயற்கை நுண்ணறிவுப் பாடம் என்று ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. பாடம் முன்னே வந்தால், நடத்துவதற்கு நீங்களும் பின்னாலேயே வந்துவிடுவீர்கள். திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் 2024இலேயே ‘ஐரிஸ்’ என்ற பெயரில் சேலை கட்டி வந்து நின்றீர்களே. சேலை கட்டினால்தான் டீச்சர் என்ற நம்பிக்கை எந்திரத்தைக்கூட விடவில்லை!

சார்ஜ் எடுக்குமுன் ஊர் நிலவரம் கேளுங்கள். 2024-25 அரசுக் கணக்குப்படி, நாட்டில் ஓராசிரியர் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் 33 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் படிக்கிறார்கள். நாட்டின் பள்ளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் இணையம் கிடையாது. அங்கே நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு வருவீர்களோ, தெரியவில்லை. நம் ஊரில் அந்த ஒற்றை ஆசிரியர் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகை ஏற்ற வேண்டும், சாப்பாட்டுக் கணக்குச் சொல்ல வேண்டும், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலராகத் தெருத்தெருவாக அலைய வேண்டும். மிச்ச நேரத்தில் ஐந்து வகுப்புக்கும் பாடம். பிள்ளைகளின் கற்றல் குறைந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும். உங்களுக்கு யாரும் மெமோ கொடுக்கப் போவதில்லை. நீங்கள் தப்பாகச் சொல்லிக் கொடுத்தால் ‘தொழில்நுட்பம் இன்னும் வளர்கிறது’ என்பார்கள்.

செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை அறிவித்த ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் அக்கறையையும் பார்த்துவிடுங்கள். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத குற்றத்துக்கு, 2024-25இல் தமிழ்நாட்டுக்குரிய சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தவர்கள் இவர்கள்தான். மாநில அரசு மட்டும் சளைத்ததா? ஓவியம், உடற்கல்வி, கணினி சொல்லித்தர 2012இல் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஆட்சிகள் மாறின, போராட்டம், தடுப்பு, கைது, விடுதலை எல்லாம் முறைப்படி நடந்தன. 2024இல் தொகுப்பூதியம் 12,500 ஆனது. நிரந்தரம் ஆக்குகிறோம் என்பது மட்டும் தேர்தல் அறிக்கையில் நிரந்தரமாக இருந்தது. கணினி வாத்தியாருக்கே சோறு போட மனமில்லாதவர்கள், கணினிக்குள் வாத்தியாரைத் தேடுகிறார்கள்.

கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியரும் இருப்பார், அவருக்குக் கையாளாக நீங்களும் இருப்பீர்கள். மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு நீங்கள் மட்டுமே. காலிப்பணியிடம் நிரம்பிவிட்டது என்று உங்களைக் காட்டிக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

ஒரு யோசனை: சம்பளப் பேச்சை எடுக்காதீர்கள். பகுதிநேரக்காரர்களுக்கு ஆண்டுக்கணக்காக மே மாதச் சம்பளத்தை வெட்டினார்கள். உங்களுக்கு மே மாதமும் பசிக்காது. உங்களிடம் அவர்கள் கண்ட முதல் தகுதி அதுதான்.