ரயான் இன்னும் அகப்படவில்லை

‘இப்பப் பாரு மாப்ள’ என்பார். நாம் பார்ப்பதற்குள் படத்தை நிறுத்திவிடுவார். திரையில் குண்டு ஒன்று பாதி வெடித்தபடி அந்தரத்தில் நிற்கும். அதைப் போட்டது யார், போட்டவனை இன்னும் அரை நிமிஷத்தில் போடப்போவது யார் என்பதையெல்லாம் விளக்கிவிட்டுத்தான் மறுபடி பொத்தானை அழுத்துவார். போர்ப்படப் பைத்தியங்களில் இது தனி ரகம். குறிப்பாக யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. என் மனைவியின் அண்ணன் இதைப் படித்தால் அவரும் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த ரகத்துக்கு வேதம் ‘சேவிங் பிரைவேட் ரயான்’. 1998இல் ஸ்பீல்பெர்க் எடுத்தது. 1944 ஜூன் 6 அன்று ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கும் காட்சி சுமார் 25 நிமிஷம் ஓடும். இவர் ஓட்டினால் ஒன்றேமுக்கால் மணி நேரம். படகுக்குள் டாம் ஹாங்க்ஸின் கை நடுங்கும்போது முதல் நிறுத்தம்: ‘கேப்டனுக்கே உதறுது பாரு.’ படகின் முன்கதவு விழுந்ததும் அடுத்தது: ‘முன்னால நிக்கிறவன் எல்லாம் காலி.’ பிறகு, அறுந்துபோன தன் கையைத் தேடி எடுத்துக்கொண்டு போகும் சிப்பாய். ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லார் தட்டிலும் கோழிக்குழம்பு. சரியாக அங்கே நிறுத்தி, ‘அவன் கையை அவனே எடுக்கிறான், நல்லாப் பாரு’ என்பார். மாமியார் தட்டோடு எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். ‘இதை எடுத்தது பிரான்ஸ்லயே இல்லம்மா, அயர்லாந்து!’ என்ற குரல் அங்கேயும் துரத்திக்கொண்டு போகும்.

அமெரிக்கர்கள் கரையைப் பிடிப்பதற்குள் காபி வேளை வந்துவிடும். யாராவது ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். அதற்கு மேல் நாங்கள் போனதே இல்லை. ரயானைத் தேடுவதுதான் கதையே என்கிறார்கள். அவன் அகப்பட்டானா என்பது எங்கள் குடும்பத்தில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பட்டாளத்தோடு இவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கூட்டுறவு வங்கியில் வேலை. போரைப் பற்றி ஒரு புத்தகம் புரட்டியதில்லை. புதிதாக வாங்கிய ஒலிபெருக்கிகளைப் பற்றிக் கீழ்வீட்டுக்காரர் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

டேங்க் வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 1965இல் வந்த ‘பேட்டில் ஆஃப் தி பல்ஜ்’ படத்தில் ஜெர்மானியரின் டைகர் டேங்க்குகளாக ஊர்ந்து வருபவை உண்மையில் அமெரிக்காவின் பேட்டன் டேங்க்குகள். ஸ்பெயினில் எடுத்த படம். அந்த நாட்டு ராணுவத்திடம் இருந்ததை வைத்துச் சமாளித்துவிட்டார்கள். இதை யூடியூபில் எங்கோ பார்த்துத் தொலைத்தார். படத்தில் டேங்க்குகள் சாரிசாரியாக வரும். ரேஷன் கடையில் கார்டு பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் நிறுத்தி, ‘இது டைகர் இல்ல… இதுவும் இல்ல’ என்று திருப்பி அனுப்பினார். ‘ஃப்யூரி’ (2014) படத்துக்கு இங்கிலாந்தின் பாவிங்டன் டேங்க் அருங்காட்சியகத்திலிருந்து அசல் டைகரையே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். இனியாவது வாயை மூடுவார் என்று நம்பி உட்கார்ந்தேன். ‘இதுதான் டைகர்’ என்று நிறுத்தினார்.

‘1917’ படத்தை வெட்டே தெரியாமல் ஒரே ஓட்டமாக எடுத்ததுபோலக் காட்ட, சாம் மெண்டிஸும் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸும் பட்ட பாடு கொஞ்சமல்ல. டீக்கின்ஸுக்கு ஆஸ்கரே கொடுத்தார்கள். எங்கள் கூடத்தில் அது கண்டதுண்டமானது. ‘எங்கயுமே கட் இல்ல, கவனிச்சியா?’ என்று கேட்பதற்காகவே பாதித் தடவை நிறுத்தினார்.

கரண்ட் போன ஒரு ராத்திரி மட்டும் எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடித்திருந்தது. பிள்ளைகளை உட்காரவைத்து ‘தி கிரேட் எஸ்கேப்’ கதையை வாயாலேயே ஓட்டினார். சுரங்கம் தோண்டுவதிலிருந்து ஸ்டீவ் மக்வீன் மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டுவது வரைக்கும், ஒரு தடவைகூட நிறுத்தவில்லை.

நிறுத்தாமல் பார்க்கிற படமும் ஒன்று உண்டு. ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. அதில் கைதிகள் அடிக்கும் சீழ்க்கைதான் தினமும் இவருடைய குளியலறைக் கச்சேரி. இலங்கையில் கித்துல்கலவில் பாலம் கட்டி எடுத்தார்கள் என்பது வரைக்கும் தெரியும். படத்தின் கதை நடக்கிற, 1942-43இல் ஜப்பானியர் போட்ட 415 கி.மீ. சயாம்-பர்மா ரயில் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேல் செத்தார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோன தமிழர்களும், பர்மியரும், ஜாவாக்காரர்களும் அதைப்போலப் பல மடங்கு செத்தார்கள். காலராவிலும் பட்டினியிலும், பெயர் எழுதிவைக்கக்கூட ஆளில்லாமல். படமோ ஒரு வெள்ளைக்காரக் கர்னலின் மானப் பிரச்சினை. நம் ஆட்களுக்கு அதில் ஒரு வசனம் கிடையாது. டேங்கின் சக்கரத்தைப் பார்த்தே அது எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்லிவிடுகிறவருக்கு, இது ஒருநாளும் உறுத்தியதில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

போன பொங்கலுக்குப் பொறுக்க முடியாமல் ரிமோட்டைப் பிடுங்கி நானே நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

‘நம்ம ஆளுங்களா மாப்ள? தெரியவே தெரியாதே, பாவம்’ என்றார். பிறகு கையை நீட்டினார். ‘அவங்களை வெச்சு எவனாவது பெரிசா ஒரு படம் எடுக்கட்டும், மொத ஆளா நான் பார்க்கிறேன். இப்ப அதைக் குடு, பாலம் வெடிக்கப்போகுது.’