ஸ்ட்ரோலர் அப்பா

குழந்தைக்கு முதல் தடுப்பூசி போடுவதற்குள் இவர் ஸ்ட்ரோலர் ஆராய்ச்சியை முடித்திருப்பார். சஸ்பென்ஷன், பிரேக், முன்சக்கரம் முழுசாகச் சுற்றுமா, ஐந்து முனை பெல்ட் எல்லாம் விரல் நுனியில். பெண் பார்க்கப் போனபோது இத்தனை கேள்வி கேட்டாரா என்பதை அவர் மனைவிதான் சொல்ல வேண்டும்.

மடக்கு ஸ்ட்ரோலர் பிறந்த கதையைச் சொல்லாமல் லிஃப்டில் யாரையும் விடமாட்டார். "ஓவன் மெக்லாரன்னு ஒரு இங்கிலீஷ்காரர் சார். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தோட சக்கர அமைப்பை டிசைன் பண்ணதுல அவருக்கும் பங்கு உண்டு. 1965ல அதே மூளையில இதைப் பண்ணார். அலுமினியம்! மூணு கிலோகூட வராது. குடை மாதிரி மடிச்சுக்கலாம்." ஐந்தாவது மாடிக்காரர் நான்கிலேயே இறங்கி, படியேறிப் போய்விட்டார்.

ஸ்பிட்ஃபயரின் சக்கரம் மடங்கியிருக்கலாம். இவர் வண்டி மடங்குவதில்லை. கால் டாக்சி வந்து நிற்கும். சிவப்புப் பொத்தானை அழுத்துவார், நெம்புகோலை இழுப்பார், முழங்காலால் ஒரு தள்ளு. பாதி மடங்கி, நடுவிரலைக் கவ்விக்கொள்ளும். ஒருவழியாக டிக்கியைத் திறந்தால் டிரைவர், "சார், உள்ள சிஎன்ஜி சிலிண்டர் இருக்கு" என்பார். ஆகவே வண்டி முன்சீட்டில், இவர் பின்சீட்டில்.

சென்னையின் நடைபாதை பற்றி மாநகராட்சிக்கே இவர் வகுப்பெடுப்பார். பத்தடிக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதை ஒட்டி ஜூஸ் கடை, அதற்கடுத்து நிறுத்திவைத்த புல்லட். இறங்கி ரோட்டில் தள்ளினால் மாநகரப் பேருந்து பின்னாலிருந்து ஹாரனில் ஆசி வழங்கும். 2019இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்களே, அது இவரைப் பொறுத்தவரை வண்டிக்காகவே போட்ட ரோடு. மேடவாக்கத்திலிருந்து தி.நகர் வரை காரில் ஏற்றிப் போய், ஓட்டிக் காட்டிவிட்டு வருவார்.

அங்கே பார்த்தால் தெரியும்: குழந்தை இவர் இடது தோளில், வலது கையில் காலி ஸ்ட்ரோலர். உட்காரவைத்தால் அது வில்லாக வளைந்து வீறிடும். "ஏன்டா, இடுப்பே இல்லாத வீடா இது? பிள்ளையைச் சக்கரத்துல வச்சுத் தள்ளுற!" என்று அம்மா அன்றே சொன்னாள். குழந்தையும் பாட்டி கட்சி. தூங்குவதென்றால் பழைய நூல்புடவைத் தூளிதான். இரண்டே ஆட்டு, கண் சொக்கிவிடும். தூளிக்கு சஸ்பென்ஷன் உண்டா என்று இவரிடம் கேட்காதீர்கள், விளக்குவார்.

வண்டி சும்மா கிடக்கவில்லை. முருங்கைக்காய், பால் பாக்கெட், அயர்னுக்குப் போகும் துணி எல்லாம் அதில்தான் பயணம். ஒருநாள் மனைவி 20 லிட்டர் தண்ணீர் கேனை உட்காரவைத்து, ஐந்து முனை பெல்ட்டையும் மாட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். இவர் பதறிவிட்டார்.

"ஐயோ, அது 15 கிலோதாம்மா தாங்கும்!"

"அப்ப நீங்க தூக்கிட்டு வாங்க."

போன வாரம் குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் நான்கு கோணத்தில் படம் போட்டிருந்தார். கீழே: "ஸ்ட்ரோலர் விற்பனைக்கு. சிங்கிள் ஓனர். குழந்தை அதிகம் உட்காராதது."