உடம்பில் சேராத முப்பத்திரண்டு

மாமாவுக்கு,

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கார்டு ஒன்று இருந்தால் பல்லைப் பற்றிக் கவலையே இல்லை என்று மலேசியாவில், நம்ம செமிலிங்கில் பேசிக்கொள்கிறார்களாமே. சியாட்டிலில் இருந்துகொண்டு அந்தப் புரளியை அப்படியே விட்டுவைக்க மனம் வரவில்லை. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த நாட்டில் பல் உடம்பில் சேர்த்தி இல்லை. உடம்புக்கு ஒரு கார்டு, கண்ணுக்கு ஒரு கார்டு, பல்லுக்கு ஒரு கார்டு. 1840இல் பால்டிமோரில் பல் வைத்தியத்துக்கென்று தனிக் கல்லூரி திறந்தார்களே, அன்றைக்கே பாகப்பிரிவினை தொடங்கிவிட்டது. 1965இல் வயதானவர்களுக்கு மெடிகேர் கொண்டுவந்தபோது, வழக்கமான பல் சிகிச்சையை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பல் விழுகிற வயதுக்காரர்களுக்கு ஒரு திட்டம் போட்டு, அதில் பல்லை விட்டுவிட்ட சாமர்த்தியம் நம்ம தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிகளுக்குக்கூட வராது.

சரி, காசு கொடுத்து வாங்கும் பல் இன்சூரன்ஸாவது இன்சூரன்ஸா என்றால், அதுவும் இல்லை என்பதுதான் என் கட்சி. வீட்டுக்கு எடுக்கும் இன்சூரன்ஸில், ஓடு உடைந்தால் நாம் மாற்றிக்கொள்வோம். வீடே எரிந்தால் கம்பெனி கொடுக்கும். பல்லுக்கு இது தலைகீழ். சுத்தம் செய்ய முழுக் காசும் கம்பெனி தரும், சொத்தையை அடைக்க நூற்றுக்கு எண்பது, கிரவுன் மாதிரிப் பெரிய வேலைக்குப் பாதி. பெரும்பாலான திட்டங்களின் வாய்ப்பாடு இதுதான். அதற்கு மேல் ஒரு வருட உச்சவரம்பு உண்டு. 1970களில் அது ஆயிரம் டாலர். இன்றைக்கும் பல திட்டங்களில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்றுதான் நிற்கிறது. கணக்குக்கு ஒன்று வைத்துக்கொள்வோம். ரூட் கெனாலும் கிரவுனும் சேர்ந்து 2,600 டாலர். பாதி என்றால் 1,300. உச்சவரம்பு ஆயிரம் என்பதால் கம்பெனி அதோடு கையைக் கழுவிவிடும். மீதி 1,600 நம் தலையில். மாதம் நாற்பது டாலர் வீதம் கட்டிய 480ஐயும் கழித்தால், கம்பெனி செய்த தர்மம் 520 டாலர். பெரும்பாலும் இன்று கார்டு வாங்கி நாளைக்குக் கிரவுன் போட முடியாது, பல மாதம் காத்திருக்க வேண்டும். கார்டு வாங்குவதற்கு முன்பே விழுந்த பல்லுக்குக் காசு கிடையாது என்ற பொடி எழுத்து வரியும் பல திட்டங்களில் உண்டு. போன பல் போனதுதான்.

கம்பெனிக்காரன் கொள்ளைக்காரன் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தீ யாரோ ஒருவர் வீட்டில்தான் பிடிக்கும். சொத்தை எல்லார் வாயிலும் வரும், அதுவும் சொல்லிவிட்டு மெதுவாக வரும். வலி வந்த பிறகு கார்டு வாங்குகிறவர்களை வைத்துக்கொண்டு யாரும் இன்சூரன்ஸ் நடத்த முடியாது. பல் இன்சூரன்ஸின் பிறப்பைப் பார்த்தாலும் அது பல் கெடாமல் காப்பதற்கென்றே வந்தது என்று தெரியும். 1954இல் இந்த மேற்குக் கரையின் துறைமுகத் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குப் பல் பார்க்க ஏற்பாடு கேட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய டெல்டா டென்டல் என்ற பல் இன்சூரன்ஸ் நிறுவனம். நம்ம தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் பிறந்ததும் அதே 1954இல்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் கேட்டது பிள்ளைகளின் பல் கெடாமல் இருக்க ஒரு வழி. அந்த அளவில் கார்டு இன்றைக்கும் உதவுகிறது: வருடம் இரண்டு முறை சும்மா கிடைக்கும் சுத்தத்தையும் பரிசோதனையையும் விடாமல் வாங்கிக்கொள்கிறவனுக்குக் கட்டிய காசில் பெரும்பகுதி திரும்பிவிடும். கார்டைப் பர்ஸில் பூட்டி வைக்கிறவனுக்கு அது பிள்ளையார் படம் மாதிரி.

இதை வைத்துப் பார்த்தால் உண்மையான பல் இன்சூரன்ஸ் உங்களிடம்தான் இருக்கிறது. பினாங்கில் 1949இலேயே பல் தாதியருக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். அவர்களைப் போன்றவர்கள்தான் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் வாயைத் திறக்க வைக்கிறார்கள். 1972இல் குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பதை நாட்டுத் திட்டமாகவே அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அரசுக் கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளி. காலையிலேயே போய் நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டுமே என்பீர்கள். உண்மைதான், அரைநாள் சம்பளமும் காசுதான். தனியார் மெடிக்கல் கார்டும் விபத்தைத் தவிரப் பல்லைத் தொடாது. ஆனாலும் செமிலிங்கிலேயே எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை வாசலில் வைத்துக்கொண்டு அமெரிக்கக் கார்டுக்கு ஏங்குவது, ஆற்றங்கரையில் நின்றுகொண்டு குழாய்த் தண்ணீருக்கு ஏங்குகிற கதை.

வேப்பங்குச்சியில் பல் விளக்கிய பாட்டி கடைசிவரை முறுக்கு கடித்தாரே என்று அத்தை கேட்பார். பாட்டியின் காலத்தில் பல் போனவர்களை யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். தவிர, பாட்டி குச்சியோடு நாளைக்கு நாலு வேளை டின் பால் கலந்த தே தாரிக் குடிக்கவில்லை. டின்னைச் சாய்த்தால் கம்பியாக இறங்குமே, அந்தப் பால் ராத்திரி முழுக்கப் பல்லிடுக்கில் உட்கார்ந்து வேலை செய்யும். படுக்கும் முன் ஃபுளோரைடு பேஸ்ட்டால் இரண்டு நிமிடம் விளக்கினால் அதன் வேலை போய்விடும்.

உங்கள் வெற்றிலைப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குதானே என்கிறீர்கள். புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுப்பிலேயே சொல்லிவிட்டது. மலேசியாவில் வாய்ப்புற்று நம்மவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. அடுத்த முறை சுங்கைப்பட்டாணிக்குப் போகும்போது பல் கிளினிக்கில் வாயை ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். அமெரிக்க பிரஷ் கேட்டிருந்தீர்கள், அனுப்பவில்லை. அதே பிரஷ் அங்கேயே மலிவாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்